தரைக்கு அடியில் பணி செய்தவர்

இவ்வாரத் தியானப் பகுதி: எரேமியா 38:1-13



பழைய அமெரிக்க உளவுத் தொடர்களைப் பற்றி ஒரு போதகர் எழுத வேண்டுமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். மாலை ஜெபம் முடிந்தபின் நம் இல்லங்களில் என்ன ஓடுகிறது என்பது நம் யாவருக்கும் தெரியும். கதைகள் நம்முடைய நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. யார் கட்டளையிடத் தகுந்தவர், யார் சுமக்கத் தகுந்தவர், யார் முன்வாசல் வழியாக நுழையலாம், யார் பேசாமலேயே கதை முடிந்துவிடலாம் என்னும் எண்ணங்களையும் அவை நம்முள் விதைத்துச் செல்கின்றன. ஒன்றையே திரும்பத் திரும்பக் காணும் கண், அதையே உலக நியதி என்று கொள்ளப் பழகிவிடுகிறது. ஆகவே, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த சில தொடர்களை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

1965 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவில் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. கறுப்பின மக்கள் வாக்களிப்பதைத் தடுக்கத் தென் மாநிலங்கள் கையாண்டு வந்த சூழ்ச்சிகளுக்கு அச்சட்டம் முடிவு கட்ட முனைந்தது. அதிலிருந்து நாற்பதாம் நாள், செப்டம்பர் 15 அன்று, என்பிசி தொலைக்காட்சியில் ‘ஐ ஸ்பை’ என்னும் உளவுத் தொடர் தொடங்கியது. வெள்ளையரான ராபர்ட் கல்ப்பும் கறுப்பினத்தவரான பில் காஸ்பியும் அதில் இணையான முதன்மை வேடங்களை ஏற்றனர். அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத் தொடர் ஒன்றில் கறுப்பின நடிகர் ஒருவர் முதன்மை வேடத்தில் தோன்றியது அதுவே முதல் முறை. தென் மாநிலங்களில் சில நிலையங்கள் அத்தொடரை ஒளிபரப்ப மறுத்துவிட்டன.

அத்தொடரின் கதையமைப்பை உற்றுநோக்குங்கள். இரு உளவாளிகள் நாடு நாடாகச் செல்ல வேண்டும். எவருக்கும் ஐயம் எழக்கூடாது. ஆகவே வெள்ளையர் டென்னிஸ் வீரராகவும், கறுப்பினத்தவர் அவருடைய பயிற்சியாளராகவும் வேடமிடுகின்றனர். உண்மையில் அந்தப் ‘பயிற்சியாளர்’ ரோட்ஸ் உதவித்தொகை பெற்றுக் கற்றவர். பல மொழிகளில் வல்லவர். ஆனால் வெள்ளையர் ஒருவரோடு கறுப்பினத்தவர் ஒருவர் பயணம் செய்தால், அவர் பணியாளராகவே இருப்பார் என்று உலகம் தானாகவே எண்ணிக்கொள்ளும். உலகத்தின் அந்த எண்ணமே அவ்விருவருக்கும் மறைவிடமாயிற்று. ஒரு சமூகத்தின் தப்பெண்ணத்தை இவ்வளவு எளிதாக எடுத்துக்காட்டிய கதைகள் குறைவு.

அவ்வேடத்துக்காக 1966, 1967, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் காஸ்பி எம்மி விருது பெற்றார். பிற்காலத்தில் பல பெண்கள் அவர்மீது கூறிய கொடிய குற்றச்சாட்டுகளையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2018-இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. 2021-இல், வழக்குத் தொடுக்கப்பட்ட முறையைக் காரணம் காட்டி, பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அடைபட்டிருந்த ஒரு கதவு திறந்தது நன்மையே. அக்கதவு வழியாக நுழைந்தவர் எவரும் அதனாலேயே பரிசுத்தராகிவிடுவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதிருப்போமாக.

மறு ஆண்டு, 1966 செப்டம்பர் 17 அன்று, சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடங்கியது. 1996 முதல் டாம் குரூஸ் நடித்து வெளிவந்த திரைப்படங்களை நம் இளைஞர்கள் நன்கு அறிவார்கள். அவற்றின் மூலம் இத்தொடரே. ஏழு பருவங்கள், 171 அத்தியாயங்கள் என்று 1973 வரை அது ஓடிற்று. அதில் பார்னி காலியர் என்னும் பாத்திரத்தை ஏற்றவர் கிரெக் மோரிஸ் என்னும் கறுப்பின நடிகர். பார்னி ஒரு மின்னணுப் பொறியியலாளர்; சொந்தமாக நிறுவனம் நடத்துபவர். சதுரங்க ஆட்டத்தைக் கணிக்கும் கணிப்பொறி முதல் கதவைத் திறக்கும் சிறு கருவி வரை, அந்தக் குழுவுக்கு வேண்டிய யாவும் அவர் கைகளிலிருந்தே பிறந்தன.

பெரும்பாலான அத்தியாயங்களின் தொடக்கத்தில் ஒரு காட்சி வரும். தலைவரின் வீட்டுக் கூடத்தில் குழுவினர் அனைவரும் கூடி, திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு, கருவிகளைச் சோதித்துப் பார்ப்பார்கள். அக்கூடத்தில் பார்னியும் இருப்பார்; பார்பரா பெயின் என்னும் வெள்ளை நடிகையும் இருப்பார். ஒருவரும் அதை வியப்பாகக் கருதமாட்டார்கள். பார்னியின் நிறத்தைப் பற்றி அங்கே பேச்சே எழாது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணம் செய்துகொள்வது அந்நாட்களில் பல அமெரிக்க மாநிலங்களில் சட்டப்படி குற்றமாயிருந்தது; 1967 ஜூன் மாதத்தில்தான் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களைத் தள்ளுபடி செய்தது. அத்தகைய நாட்டில், வாரந்தோறும் இலட்சக்கணக்கான இல்லங்களில், ஒரு கறுப்பினப் பொறியியலாளர் மற்றவர்களோடு சமமாக அமர்ந்து பேசினார். பிரசங்கம் செய்யாமலேயே அக்காட்சி ஒரு பிரசங்கமாயிற்று.

நம் சபையின் மூத்தவர் ஒருவரின் வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றிருந்த நாளில், இத்தொடரின் அத்தியாயம் ஒன்றை அவருடைய பேரன் எங்கள் இருவருக்கும் போட்டுக் காட்டினான். அப்பெரியவர் நாற்பது ஆண்டுகள் வீடுகளுக்கு வயரிங் செய்து பிழைத்தவர். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. ஆயினும் பார்னி திரையில் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஐயா, அந்த ஆளு கையைப் பாருங்க. அவசரமே இல்ல. தொழில் தெரிஞ்ச கை” என்றார்.

சற்று நேரம் கழித்து, “ஆமா, இவரு மட்டும் ஏன் எப்பவும் சுவத்துக்குள்ளயே கெடக்காரு? மத்தவங்கல்லாம் கோட்டு போட்டுக்கிட்டு முன்வாசல்ல போறாங்களே?” என்று கேட்டார்.

நான் விளக்கத் தொடங்குமுன் அவரே தொடர்ந்தார். இளமையில் ஒரு பெரிய வீட்டில் பதினைந்து நாள் வேலை செய்தாராம். பின்புறமாகத்தான் உள்ளே வர வேண்டும் என்று அவ்வீட்டார் சொல்லிவிட்டார்களாம். தண்ணீர் குடிக்க அவருக்கென்று தனிக் குவளையும் வைத்திருந்தார்களாம். “வேலை முடிஞ்சு சுவிட்சைப் போட்டதும் எல்லாரும் விளக்கைப் பார்த்துச் சந்தோசப்பட்டாங்க. பரண்ல கெடந்தவனை யாரும் பார்க்கல ஐயா” என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் கசப்பு இல்லை; அதுவே என்னை அதிகம் தொட்டது.

அவர் கேட்ட கேள்வி சரியானது. இத்தொடரை ஆராய்ந்து பார்க்கும் எவரும் அதையே கேட்பர். மற்றவர்கள் தளபதிகளாகவும், பிரபுக்களாகவும், செல்வச் சீமாட்டிகளாகவும் வேடமிட்டு மாளிகைக்குள் நடந்து செல்வார்கள். பார்னியோ பெரும்பாலும் காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்துகொண்டிருப்பார். அல்லது மின்தூக்கிப் பாதையில் தொங்கிக்கொண்டிருப்பார். அல்லது தரைக்கு அடியில் துளையிட்டுக்கொண்டிருப்பார். கதை நிகழ்வது கிழக்கு ஐரோப்பாவைப் போன்ற ஒரு நாட்டில். அங்கே கறுப்பினத்தவர் ஒருவர் தெருவில் நடந்தால் உடனே கண்டுகொள்வார்கள். ஆகவே அவர் மறைந்திருப்பதே இயல்பு என்று இதற்கு விடை சொல்வதுண்டு.

அந்த விடையை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அந்த நாடு எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அது எழுத்தாளர்கள் கற்பனையில் உண்டாக்கிய நாடு. அதன் பெயரை அவர்களே வைத்தார்கள். அதன் படைவீரரின் சீருடையை அவர்களே தைத்தார்கள். அதன் மொழியைக்கூட அவர்களே சமைத்தார்கள். சுவர்களில் தொங்கும் அறிவிப்புப் பலகைகளில் ஜெர்மனைப் போலவும் ஸ்லாவிய மொழியைப் போலவும் ஒலிக்கும் போலிச் சொற்களை எழுதிவைத்தார்கள். ஒரு நாட்டையே ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கியவர்களுக்கு, அந்நாட்டின் தெருவில் ஒரு கறுப்பு மனிதர் இயல்பாக நடந்து செல்வதை மட்டும் கற்பனை செய்ய இயலவில்லை.

பிரியமானவர்களே, நம்முடைய கற்பனை எங்கே வந்து நின்றுவிடுகிறதோ, அங்கேதான் நம்முடைய பட்சபாதம் குடியிருக்கிறது. “இதுதான் இயல்பு” என்று நாம் சொல்லும் பல காரியங்கள் நாமே எழுதி வைத்த கதைகள்.

முகமூடியும் ஒரு பக்கமாகவே வேலை செய்தது. இத்தொடரில் வெள்ளை நடிகர்கள் ஒப்பனையின் உதவியால் எந்நாட்டவராகவும் மாறுவார்கள். லெனார்ட் நிமோய் ஜப்பானியராகத் தோன்றும் அத்தியாயமும் உண்டு. உலகின் எல்லா முகங்களும் வெள்ளையருக்குத் திறந்திருந்தன. மற்றவர்களுக்கு அவ்வாசல் பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. அந்நாட்களில் அதைத் தவறு என்று எண்ணியவர்கள் சிலரே.

எனினும் நியாயமாகப் பேச வேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பார்னி வெளிச்சத்துக்கு வந்து, குத்துச்சண்டை வீரராக வேடமிட்டுக் கதையைத் தாங்கிய அத்தியாயங்கள் உண்டு. 1971-இல் வந்த ‘கிடாரா’ என்னும் அத்தியாயம், நிறவெறி ஆட்சி நடக்கும் ஒரு கற்பனை ஆப்பிரிக்க நாட்டில் நிகழ்கிறது. கறுப்பின மக்களை ஒடுக்கும் வெள்ளை அதிகாரி ஒருவரை, அவருடைய உடலிலும் கறுப்பினத்தாரின் இரத்தம் ஓடுகிறது என்று அக்குழு நம்பவைக்கிறது. தான் எழுதிய சட்டம் தன்மேலேயே திரும்பும்போது அம்மனிதர் நடுங்குகிறார். நியாயப்பிரமாணத்தை அடுத்தவருக்காக மட்டும் வைத்திருக்கும் எவரும் நின்று பார்க்க வேண்டிய கண்ணாடி அது.

இத்தொடரில் நம் தியானத்துக்குரிய இன்னொருவரும் இருக்கிறார். முதல் பருவத்தில் குழுத் தலைவராக நடித்தவர் ஸ்டீவன் ஹில். அவர் யூத மார்க்கத்தின் ஒழுங்குகளைக் கண்டிப்பாகக் கைக்கொண்டவர். வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் ஓய்வுநாளை ஆசரிக்கப் படப்பிடிப்புத் தளத்தை விட்டுப் புறப்பட்டுவிடுவார். விளக்குகளும் கருவிகளும் நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பும் காத்திருக்கும் தொழில் அது. முதன்மை நடிகர் இல்லாமல் படப்பிடிப்பு தடுமாறிற்று. வேறு பிணக்குகளும் அங்கே எழுந்தன. முதல் பருவம் முடிந்ததும் அவர் நீக்கப்பட்டு, பீட்டர் கிரேவ்ஸ் தலைவரானார். ஹில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நடிப்பையே விட்டு விலகியிருந்தார். பின்னர் திரும்பிவந்து, 1990 முதல் 2000 வரை ‘லா அண்ட் ஆர்டர்’ தொடரில் அரசு வழக்கறிஞராக நடித்துப் புகழ்பெற்றார்.

ஒருவரின் நிறத்துக்கு இடம் கொடுத்த அதே தளத்தில், மற்றொருவரின் ஓய்வுநாளுக்கு இடம் சுருங்கிப்போயிற்று. ‘நாங்கள் எல்லாரையும் ஏற்றுக்கொள்கிறோம்’ என்று சொல்வது எளிது. வருகிறவர் தம்முடைய வழக்கங்களோடும் மனச்சாட்சியோடும் வரும்போது, நம்முடைய கால அட்டவணையை மாற்ற மனதிருக்கிறதா என்பதே உரைகல்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ‘தி அவெஞ்சர்ஸ்’ என்னும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எம்மா பீல் என்னும் அறிவும் வீரமும் மிக்க பெண்ணாக நடித்தவர் டயானா ரிக். எதிரிகளைத் தன் கைகளால் வீழ்த்தும் அப்பெண்ணைக் கண்டு உலகம் வியந்தது. ஆனால் படப்பிடிப்புக் குழுவின் ஒளிப்பதிவாளரைவிடத் தமக்கு ஊதியம் குறைவு என்பதை அவர் அறிந்தபோது, அதை வெளிப்படையாகக் கேட்டு உயர்த்திப் பெற வேண்டியதாயிற்று. திரையில் கொடுத்த கனத்தைக் கணக்குப் புத்தகத்தில் கொடுக்கவில்லை. ஒரு சமூகத்தின் உள்ளத்தை அறிய, அது எதைக் காட்சிக்கு வைக்கிறது என்பதோடு, கணக்கில் என்ன எழுதுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது எரேமியா 38-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பிரபுக்கள் தீர்க்கதரிசியைத் துரவுக்குள் கயிறுகளால் இறக்கிவிடுகிறார்கள். அதில் தண்ணீர் இல்லை, உளையே இருந்தது; அவர் அதில் அமிழ்ந்துகொண்டிருக்கிறார். அரண்மனையில் எத்தனையோ யூதர்கள் இருந்தும், துணிந்து எழுந்தவர் எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியர். அந்நிய நாட்டார், வேறு நிறத்தார், ராஜாவின் வீட்டில் பணிவிடை செய்பவர்.

அவர் என்ன செய்தார் என்பதை வேதம் படிப்படியாகச் சொல்லுகிறது. முதலாவது, பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருந்த ராஜாவினிடத்துக்கு நேரே போய்ப் பேசினார். நகரத்தின் வாசலிலே, பலர் கேட்க, பிரபுக்கள் செய்தது தீமை என்று சொன்னார். இரண்டாவது, ராஜா கொடுத்த முப்பது பேரோடு கயிறு எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மூன்றாவது, பொக்கிஷசாலையின் கீழிருந்த இடத்துக்குப் போய், கந்தைகளையும் பழந்துணிகளையும் தேடி எடுத்தார். எதற்காக? கயிறு தீர்க்கதரிசியின் அக்குளை அறுத்துவிடாதிருக்க, அத்துணிகளை இடையே வைத்துக்கொள்ளும்படி சொல்லுவதற்காக. உயிர் போகும் அவசரத்திலும், இழுக்கப்படுகிறவருக்கு வலிக்கக் கூடாதே என்று எண்ணிய கை அது. தொழில் தெரிந்த கை. இரக்கமும் தெரிந்த கை.

பழைய தொடர்களுக்கும் வேதத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நான் காண்கிறேன். அத்தொடர் பார்னியின் கைத்திறனைக் காட்டிற்று. அதற்காக அதை மெச்சுகிறோம். வேதமோ எபெத்மெலேக்கின் கைத்திறனையும் காட்டுகிறது, வாசலில் ஒலித்த அவருடைய குரலையும் காட்டுகிறது. அதோடு நில்லாமல், 39-ஆம் அதிகாரத்தில், எருசலேம் அழியும் நாளில் கர்த்தர் அவரைப் பேர்சொல்லி நினைவுகூர்ந்து, தப்புவிப்பதாக வாக்களிக்கிறார். கை, குரல், பெயர் ஆகிய மூன்றும் ஒருவருக்குக் கிடைக்கும்போதே அவருக்கு முழுமையான இடம் கிடைத்ததாகச் சொல்லலாம்.

அன்பானவர்களே, தொலைதூரத்துத் தொடர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் அமைதியாக எழுந்து போய்விட முடியாது. நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில், ஆலயத்துக்குள்ளேயே சாதிக்குச் சாதி இருக்கை பிரித்த நாட்கள் இருந்தன. கல்லறைத் தோட்டத்தில் மரித்தோருக்கு நடுவே சுவர் எழுப்பிய ஊர்களும் உண்டு. பளபளப்பான வஸ்திரம் தரித்தவரை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, தரித்திரரை நிற்கச் சொல்லும் சபையை யாக்கோபு கடிந்துகொண்டது நமக்காகவும்தான்.

அடுத்த மாதம் நாம் சபைக் கமிட்டிக்குப் பெயர்களை முன்மொழியப் போகிறோம். அதற்கு முன் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒலிபெருக்கியைச் சரிசெய்பவர், அசன விருந்துக்கு விடியுமுன் அடுப்பு மூட்டும் தாய்மார், ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் சகோதரி ஆகியோரின் கைகளை நாம் நன்றாக அறிவோம். அவர்களுடைய குரலைக் கமிட்டியில் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? அவர்களில் எத்தனை பேரின் முழுப்பெயர் நமக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க அவர்களில் யாரையாவது அழைத்திருக்கிறோமா? “அவங்களுக்கு அதெல்லாம் சரிப்படாது” என்னும் சொல் நாவில் எழுமானால், அது இயல்பா, அல்லது நாமே எழுதிக்கொண்ட கதையா என்று சோதித்தறிவோமாக.

இவ்வாரத்தில் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ, அலுவலகத்திலோ, சபையிலோ, உங்களுக்காகக் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் ஒருவரைப் பேர்சொல்லி அழைத்து, முன்வாசல் வழியாக உள்ளே வரச் சொல்லி, உங்களோடு சமமாக உட்காரவைத்துப் பேசுங்கள். அவர் சொல்வதை முழுதும் கேளுங்கள். முன்மொழிவுப் படிவம் உங்கள் கைக்கு வரும்போது, அவருடைய பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: பட்சபாதமில்லாத பிதாவே, மறைவில் உழைப்போரை நீர் காண்கிறீர், அவர்களுடைய பெயர்களை அறிந்திருக்கிறீர். எங்கள் கற்பனை குறுகிப்போன இடங்களை எங்களுக்குக் காட்டும். அடைத்துவைத்த வாசல்களைத் திறக்கும் துணிவையும், வலிக்காமல் தூக்கிவிடும் கைகளையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.